கடல் மணலிலும் தண்ணீரிலும் மெட்டல் டிடெக்டர்: காயில் கவர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடற்கரையில் தொலைந்துபோன மோதிரம், கம்மல், சில்லறை தேடுகிறவர்கள் நாலு பேர் சேர்ந்தால் கட்டாயம் ஒரு வாக்குவாதம் வரும்: காயிலுக்குக் கவர் போடலாமா, கூடாதா? ஒருவர் கவர் இல்லாமல் வீட்டை விட்டே கிளம்ப மாட்டார். இன்னொருவர் வாங்கிய அன்றே கழற்றி அலமாரியில் போட்டிருப்பார். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, இடத்தைப் பொறுத்து. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

காயில் கவர் என்றால் எது?

டிடெக்டரின் கீழ் முனையில், தரையை ஒட்டிப் போகிற வட்டமான பாகம்தான் காயில். பெரும்பாலான கருவிகளில் அதற்குள் செம்புக் கம்பிச் சுற்று இரண்டு இருக்கும். ஒன்று காந்தப்புலத்தை அனுப்பும், மற்றது மண்ணுக்குள் இருக்கும் உலோகத்திலிருந்து வரும் பதிலைப் பிடிக்கும். இந்தச் சுற்றுகள் மயிரிழை நகர்ந்தாலும் கருவியின் கணக்கு கெட்டுவிடும் என்பதால் எபாக்ஸி என்ற கெட்டிப் பசையை ஊற்றி அசையாமல் இறுக்கியிருப்பார்கள். வெளியே பிளாஸ்டிக் ஓடு. அந்த ஓட்டின் அடியில் அழுத்தி மாட்டுகிற மெல்லிய பிளாஸ்டிக் மூடிதான் கவர். பல கம்பெனிகள் காயிலோடு சேர்த்தே தருகின்றன. சில கருவிகளுக்குத் தனியாக வாங்க வேண்டும்.

அது இல்லாவிட்டால் கருவி வேலை செய்யாதா?

நன்றாகவே வேலை செய்யும். ஆனால் காயிலின் அடி தேயும். காயிலைத் தரையில் உரசியும் உரசாமலும் வீசுவதுதான் முறை என்பதால் மணல், கிளிஞ்சல், பாறை எல்லாவற்றோடும் அது நாள் முழுக்க உராய்ந்துகொண்டே இருக்கும். ஓடு தேய்ந்து உள்ளே தண்ணீர் இறங்கிவிட்டால் காயில் பெரும்பாலும் முடிந்தது. திறந்து பழுதுபார்க்கிற மாதிரி அதைச் செய்திருக்க மாட்டார்கள். புதுக் காயிலின் விலையைக் கேட்டால் கவரின் விலை ஒரு விலையாகவே தெரியாது.

கவர் போட்டால் ஆழம் குறையுமா?

பிளாஸ்டிக் காந்தப்புலத்தைத் தடுக்காது. குறைவது, கவரின் தடிமன் அளவுக்குக் காயில் மண்ணிலிருந்து தள்ளிப்போவதால்தான். அது 2 மி.மீ. இருக்கலாம்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். 11 அங்குல வட்டக் காயிலுக்கு நேர் கீழே 20 செ.மீ. ஆழத்தில் ஒரு நாணயம் கிடக்கிறது என்று வையுங்கள். காயில் 2 மி.மீ. மேலே போனால் திரும்பி வரும் சிக்னல் தோராயமாக 4 சதவீதம் குறையும். காதுக்கு வித்தியாசமே தெரியாது. அதே காயிலைக் கை சோர்ந்துபோய் இரண்டரை செ.மீ. தூக்கி வீசினால் சிக்னலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். கவரால் ஆழம் போகிறது என்று கவலைப்படுகிறவர்கள் பலர், வீச்சின் இரண்டு முனையிலும் காயிலை ஒரு சாண் தூக்குகிறவர்களாக இருப்பதைக் கரையில் பார்க்கலாம்.

அப்படியானால் பிரச்சினைதான் என்ன?

கவர் அல்ல, கவருக்கும் காயிலுக்கும் நடுவில் போய் உட்காருவது.

அலை வாயில் அரை மணி நேரம் தேடிவிட்டுக் கவரைக் கழற்றிப் பாருங்கள். விளிம்பை ஒட்டிப் பிறை வடிவில் ஈர மணல் அப்பியிருக்கும். நடுவில் கொஞ்சம் தண்ணீர், ஒன்றிரண்டு கிளிஞ்சல் துணுக்கு. கழுவாமல் விட்டுவிட்டால் மறுநாள் அதே இடத்தில் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும்.

இதனால் வருகிற தொல்லை இரண்டு வகை. முதலாவது சத்தம். இன்றைக்குக் கிடைக்கிற பெரும்பாலான கருவிகள் அசைவை வைத்து வேலை செய்பவை. காயிலை வீசும்போது மாறாமல் வருவதைத் தள்ளிவிட்டு, மாறுகிறதை மட்டும் எடுத்துக்கொள்ளும். அதனால் கெட்டியாக ஒட்டிக்கொண்ட சாதாரண வெள்ளை மணல் கருவிக்கு ஒரு பொருட்டே அல்ல. அசைகிறதுதான் வம்பு. உள்ளே பாதி நிரம்பிய உப்புத் தண்ணீர், காயில் இடது பக்கம் போய்த் திரும்பும்போது ஒரு ஓரத்துக்கு ஓடும், வலது பக்கம் திரும்பும்போது மறு ஓரத்துக்கு ஓடும். அந்த ஓட்டத்தைக் கருவி உலோகம் என்று நினைத்துக் கத்தும். வீச்சின் முனைகளில் மட்டும் விடாமல் சத்தம் வருகிறதென்றால் முதல் சந்தேகம் இதன்மேல்தான் விழ வேண்டும். கறுப்பு மணல் நகர்ந்தாலும் இதே கதை. சாக்லெட் சுற்றிய அலுமினியத் தாளின் ஒரு துணுக்கோ துருச் செதிலோ உள்ளே போய்விட்டால் கேட்கவே வேண்டாம். போகிற இடமெல்லாம் புதையல் இருக்கிற மாதிரி இருக்கும்.

இரண்டாவது, தேய்மானம். மேலே கவர், உள்ளே மணல், ஒவ்வொரு வீச்சிலும் லேசான அசைவு: உப்புத்தாள் வைத்துக் காயிலைத் தேய்ப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. காயிலைக் காப்பாற்ற வாங்கிய கவரே அதைத் தின்றுகொண்டிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியவும் தெரியாது. கவர் போட்டுவிட்டு மாதக்கணக்கில் கழற்றாமல் இருப்பதைவிடக் கவரே போடாமல் தேடுவது மேல் என்பது என் கட்சி.

எல்லாக் கடற்கரையிலும் இதே தொல்லைதானா?

இல்லை. மணல் எதனால் ஆனது என்பதைப் பொறுத்தது. குவார்ட்ஸ் மணலும் கிளிஞ்சல் தூளும் காந்தத்துக்கு அசைந்து கொடுக்காதவை. மாக்னடைட் என்ற காந்த இரும்புத் தாது கலந்த கறுப்பு மணல்தான் டிடெக்டருக்குப் பெரிய எதிரி. நியூசிலாந்தின் வடக்குத் தீவில் மேற்குக் கரையின் பெரும்பகுதி இரும்பு மணல்தான். கை நிறைய அள்ளினால் கனமே வேறு மாதிரி இருக்கும்.

நம் பக்கத்தில் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் இலங்கையில் புல்மோட்டையிலும் கரையில் கறுப்பாகப் படிகிறதே, அது பெரும்பாலும் இல்மனைட் என்ற டைட்டானியத் தாது. மாக்னடைட் அளவுக்குக் காந்தத் தன்மை இல்லை. ஆனாலும் அப்படிப்பட்ட மணல் கவருக்குள் ஒரு கைப்பிடி சேர்ந்துவிட்டால் அமைதியாகத் தேட முடியும் என்று எதிர்பார்க்காதீர்கள். மணல் அள்ளும் ஆலைகளுக்கும் அனுமதிப் பகுதிகளுக்கும் அருகே டிடெக்டரோடு போய் நிற்பது வேறு வம்பையும் கொண்டுவரும்.

உங்கள் கரை எப்படி என்று தெரிய ஒரு சின்னச் சோதனை போதும். ஒரு காந்தத்தை பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் காய்ந்த மணலில் இழுங்கள். பையின் வெளியே மீசை மாதிரி கறுப்பாக ஒட்டினால், ஒவ்வொரு முறையும் கவரைக் கழற்றிக் கழுவ வேண்டிய கரை அது. பை இல்லாமல் வெறும் காந்தத்தை இழுத்துவிடாதீர்கள். ஒட்டியதை எடுத்துச் சுத்தம் செய்ய ஒரு சாயங்காலம் ஆகும்.

ஆறு, ஏரி, குளத்தில் தேடினால்?

பாதி நிம்மதி. கடல் நீரின் மின்கடத்தும் திறன் மீட்டருக்குச் சுமார் 5 சீமென்ஸ். ஆற்று நீரில் பொதுவாக அதில் நூறில் ஒரு பங்கு இருந்தாலே அதிகம். அதனால் கவருக்குள் நல்ல தண்ணீர் புகுந்து ஆடினாலும் கருவி பெரிதாகக் கண்டுகொள்ளாது. சேறும் கூழாங்கல்லும் புகுந்து தேய்ப்பது மட்டும் இங்கேயும் உண்டு.

தண்ணீருக்குள் இறங்கும்போது கவரைக் கழற்றவா, வைத்திருக்கவா?

கீழே என்ன இருக்கிறது என்று பாருங்கள். முழங்கால் ஆழம், அடியில் வெறும் மணல் என்றால் கழற்றிவிடலாம். தண்ணீருக்குள் காயில் மெதுவாகத்தான் நகரும், உராய்வும் குறைவு. பாறை, பவளத் துண்டு, சிப்பி ஒட்டிய கல் என்றால் கவர் இருக்கட்டும். சிப்பி விளிம்பு ஒரே இழுப்பில் போடும் கோடு, மணல் ஒரு வருஷம் தேய்ப்பதைவிட ஆழமாக இருக்கும்.

கவரோடு இறங்குகிறவர்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கவருக்குள் காற்று சிக்கிக்கொண்டால் காயில் மேலே மிதக்கப் பார்க்கும்; அதை அடியில் அமுக்கிப் பிடித்தே கை வலித்துவிடும். இறங்கியதும் காயிலைத் தண்ணீருக்குள் செங்குத்தாகத் திருப்பி, நாலு தடவை ஆட்டி, குமிழி நிற்கும்வரை வைத்திருங்கள். உள்ளே முழுதாகத் தண்ணீர் நிரம்பிவிட்டால் அது அங்குமிங்கும் ஓட இடமில்லை, சத்தமும் அடங்கும். பாதி நிரம்பியிருப்பதுதான் எப்போதும் மோசம். அதே காரணத்தால், தண்ணீரை விட்டு ஈர மணலுக்கு ஏறி வரும்போது கவரைக் கழற்றி வடித்துவிட்டுத்தான் மேற்கொண்டு தேட வேண்டும். இந்த ஒரு நிமிஷ வேலையைத் தவிர்த்துவிட்டு, கருவி கெட்டுவிட்டது என்று வீடு திரும்புகிறவர்கள் நிறைய.

என் காயில் தண்ணீருக்குத் தாங்கும் என்று போட்டிருக்கிறது. அப்படியானால் கருவியையே முக்கலாமா?

காயிலும் கருவியும் வேறு வேறு. கேரெட் கம்பெனியின் ஏஸ் வரிசையில் காயில் தண்ணீருக்குள் போகலாம், மேலே இருக்கும் கண்ட்ரோல் பாக்ஸ் போகக்கூடாது. அதே கம்பெனியின் ஏடி புரோ, மைன்லேப் ஈக்வினாக்ஸ் 800, நோக்டா சிம்ப்ளெக்ஸ் பிளஸ் போன்றவை 3 மீட்டர் வரை முழுக் கருவியாகவே தாங்கும் என்று கம்பெனிகள் சொல்கின்றன. எக்ஸ்பி டியூஸ் 2-க்கு 20 மீட்டர். கவருக்கும் இந்த அளவுகளுக்கும் சம்பந்தமே இல்லை. கவர் உராய்வுக்கு மட்டும்தான், தண்ணீரைத் தடுக்க அல்ல.

விளிம்பைச் சுற்றி சிலிகான் போட்டு அடைத்துவிடலாமா?

பலர் செய்கிறார்கள், சரியாகச் செய்தால் நன்றாகவே நிற்கிறது. வெறும் சிலிகான் டியூபை எடுத்து அப்பிவிடுவதில்தான் கோளாறு.

முதலில் கவரையும் காயிலையும் நல்ல தண்ணீரில் கழுவி, ஒரு நாள் முழுக்க நிழலில் உலர்த்துங்கள். உள்ளே ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் அதையும் சேர்த்து அடைத்துவிடுவீர்கள், அப்புறம் அது வெளியே வர வழியில்லை. திறந்ததும் வினிகர் வாடை அடிக்கிற சிலிகான் காயும்போது அசிட்டிக் அமிலம் விடும். அந்த வாடை இல்லாத நியூட்ரல் வகை கடைகளில் கிடைக்கிறது, அதையே வாங்குங்கள். கவரை மாட்டிய பிறகு விளிம்பில், வெளிப்பக்கமாக மட்டும், மெல்லிய கோடாக இழுத்து விரலால் வழித்துவிடுங்கள். அடிப்பரப்பு முழுக்கப் பூசினால் பின்னால் கவரைக் கழற்றும்போது காயிலின் ஓடும் சேர்ந்து வரப் பார்க்கும். ஒரு நாள் காயட்டும்.

இதில் நஷ்டமும் உண்டு. எங்கேயாவது ஓரிடத்தில் சிலிகான் பிரிந்துவிட்டால் அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே போகும், வெளியே வராது. அதனால் தேடப் போகுமுன் விளிம்பை ஒரு சுற்று நகத்தால் தடவிப் பார்க்கிற பழக்கம் வேண்டும். தினமும் போகிறவர்களுக்கு சிலிகான் சரி. மாதம் ஒரு முறை போகிறவர்கள் கழற்றிக் கழுவுவதே சுலபம்.

ஃபெவிக்விக் மாதிரி உடனே ஒட்டுகிற பசை வேண்டவே வேண்டாம். அதைத் துடைக்க அசிட்டோன், தின்னர் என்று கையில் எடுப்பீர்கள். காயில் ஓட்டுக்குப் பயன்படும் ஏபிஎஸ் வகை பிளாஸ்டிக்கையே அசிட்டோன் கரைத்துவிடும்.

இன்சுலேஷன் டேப்?

ஒரு நாள் பயணத்துக்குச் சரி. நீட்டி இழுக்காமல் விளிம்பைச் சுற்றி ஒட்டினால் காய்ந்த மணலைத் தடுக்கும். தண்ணீரில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். வெயிலில் பசை இளகி, அதிலேயே மணல் ஒட்டிக்கொள்ளும்.

கவரில் ஓட்டை போட்டால் தண்ணீர் தானாக வடிந்துவிடாதா?

வடியும். மணலும் அதே வழியில் ஏறும். தண்ணீருக்குள் மட்டும் தேடுகிறவர்களுக்கு, அதுவும் வெள்ளை மணல் கரையில், இது பயன்படலாம். கறுப்பு மணல் கரையில் கூடாது. துளையிடுவதானால் கவரைக் கழற்றி, மரக்கட்டை மேல் வைத்துத் துளையிட்டு, பிசிறைச் சீவிவிடுங்கள். காயிலில் மாட்டியபடியே ட்ரில்லை வைப்பது பற்றி நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

சத்தம் கவரால்தான் வருகிறதா, காயிலே கெட்டுவிட்டதா? எப்படிக் கண்டுபிடிப்பது?

வரிசையாகப் போங்கள். கவரைக் கழற்றி, காயிலைத் துடைத்துவிட்டு, அதே இடத்தில் மறுபடி வீசுங்கள். சத்தம் நின்றால் கவர்தான் காரணம், கழுவினால் வேலை முடிந்தது. நிற்கவில்லையென்றால் ஷாஃப்ட்டில், அதாவது காயிலைத் தாங்கும் தண்டில், சுற்றியிருக்கும் கேபிளைப் பாருங்கள். காயிலுக்கு அருகே அது தொய்ந்து ஆடினாலும் கருவி கத்தும்; இறுக்கிக் கட்டுங்கள். அடுத்து சென்சிடிவிட்டியை, அதாவது கருவியின் உணர்திறனை, குறையுங்கள்; மண்ணுக்கேற்பக் கருவியைச் சரிசெய்யும் கிரவுண்ட் பேலன்ஸைப் புதிதாகச் செய்யுங்கள். கவர் கழற்றியபோதும் மாட்டியபோதும் அதைத் திரும்பச் செய்வது நல்லது. ஒற்றை அலைவரிசைக் கருவி, உதாரணமாக 15 கிலோஹெர்ட்ஸில் ஓடும் ஏடி புரோ, உப்பு ஈரத்தில் இயல்பாகவே கொஞ்சம் படபடக்கும். ஈக்வினாக்ஸ் மாதிரிப் பல அலைவரிசைக் கருவியானால் கடற்கரைக்கான பீச் மோடில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இத்தனைக்கும் அடங்காவிட்டால் கரையை விட்டுத் தள்ளி, மின்கம்பியும் செல்போன் கோபுரமும் இல்லாத இடத்தில், காயிலைக் காற்றில் தூக்கிப் பிடித்து விரல் நுனியால் லேசாகத் தட்டுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் கருவி கத்தினால் உள்ளே ஏதோ தளர்ந்திருக்கிறது, அல்லது தண்ணீர் இறங்கியிருக்கிறது. வாரண்டி இருக்கும்போதே கடைக்குக் கொண்டுபோங்கள்.

பல்ஸ் இண்டக்‌ஷன் கருவிக்கும் இதெல்லாம் பொருந்துமா?

காந்தப்புலத்தைத் தொடர்ச்சியாக அனுப்பாமல் துடிப்பு துடிப்பாக அனுப்புகிற வகை அது. தேய்மானம் பொருந்தும். சத்தம் அவ்வளவு இல்லை. உப்பும் கறுப்பு மணலும் இந்த வகையை அவ்வளவு தொந்தரவு செய்வதில்லை, அதற்காகத்தானே கடலுக்குள் மூழ்கித் தேடுகிறவர்கள் இதை வாங்குகிறார்கள். பதிலுக்கு இரும்பு ஆணியையும் மோதிரத்தையும் பிரித்துச் சொல்லும் திறமை குறைவு.

கழற்றுவதே பெரும்பாடாக இருக்கிறதே?

ஸ்க்ரூடிரைவரை வைத்து நெம்பாதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிஷம் வைத்தால் பிளாஸ்டிக் கொஞ்சம் இளகும். காலாவதியான ஏடிஎம் கார்டை விளிம்பில் செருகி, ஒரே இடத்தில் தூக்காமல் சுற்றிலும் நகர்த்திக்கொண்டே போனால் கழன்றுவிடும். அப்புறம் நல்ல தண்ணீர், பழைய டூத் பிரஷ். காயிலை ஷாஃப்ட்டோடு இணைக்கும் ரப்பர் வாஷர்களையும் மறக்காதீர்கள், மணல் அங்கேயும் போய் உட்காரும். கழுவியதைப் பூட்டிய காருக்குள் வெயிலில் போட்டால் கவர் கோணிக்கொள்ளும். அதற்குப் பிறகு எந்த நாளும் இறுக்கமாக மாட்டாது.

வேறு கம்பெனி கவர், அல்லது 3டி பிரிண்டரில் செய்தது பரவாயில்லையா?

அளவு கச்சிதமாக இருந்தால் பரவாயில்லை. பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரி செல்சியஸ் பக்கம் இளகிவிடும் என்பதால் நம் ஊர் வெயிலுக்கு லாயக்கில்லை. பிஇடிஜி அல்லது ஏபிஎஸ்ஸில் அச்சிடச் சொல்லுங்கள். கார்பன் ஃபைபர் கலந்த இழை, மெட்டாலிக் பெயின்ட் இரண்டும் ஆகாது. கார்பன் ஃபைபர் மின்சாரத்தைக் கடத்தும். பார்க்க அழகாக இருக்கிறது என்று வெள்ளி நிற ஸ்ப்ரே அடித்தாலும் அதில் உலோகத் தூள் இருக்கக்கூடும்.

நம் ஊர்க் கடற்கரையில் தேடுவதற்குச் சட்டப்படி சிக்கல் உண்டா?

இந்தியாவில் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னமும் நடப்பில் இருக்கிறது. மண்ணில் மறைந்திருந்து கிடைக்கும் பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது என்றால் கலெக்டருக்குத் தகவல் தர வேண்டும். பத்து ரூபாய் என்று எழுதியது அந்தக் காலம், தொகை மட்டும் மாறவில்லை. மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் மாதிரி தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கும் இடங்களுக்கு டிடெக்டரை எடுத்துக்கொண்டே போகாதீர்கள். நேற்று யாரோ தொலைத்த மோதிரத்தை அவர்கள் கூப்பிட்டுத் தேடிக் கொடுப்பது வேறு விஷயம். அப்போதும் அங்கே காவல் பணியில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள்.

கவரை எப்போது மாற்ற வேண்டும்?

வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். பெரும்பாலும் முன் விளிம்புதான் முதலில் மெலியும்; அங்கே வெளிச்சம் ஊடுருவித் தெரிந்தால் மாற்றிவிடலாம். விரிசல் விட்டிருந்தால் காத்திருக்கவே வேண்டாம், அந்தக் கோடு வழியாகத்தான் மணல் வரிசை கட்டி உள்ளே போகும். அலையில் கழன்று போய்விட்டால் தேடிக்கொண்டிருக்காதீர்கள்: பிளாஸ்டிக்கை டிடெக்டர் காட்டாது.